இணைக்கொம்பு

ஷிஜின் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிறான்.
யானைக்குக் கால் மேலே, வானம் கீழே,
ஆனாலும் ஒரு சொல் தப்பவில்லை.
பதினேழு ராத்திரி நான் வாசித்ததை
அப்படியே ஒப்பிக்கிறான்:
நாலாம் பக்கத்தில் என் இருமல்,
ஆறாம் பக்கத்தில்
"செத்த பொறு மக்கா, சோறு வடிச்சிட்டு வாறேன்."

"இது வாசிப்பா, கிளிப்பிள்ளையல்லா" என்று மதினி சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எந்தச் சொல்லில் பக்கம் திருப்ப வேண்டும் என்று
அவன் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மழைப் பக்கம்.
புத்தகத்தை நேராக்கிக் கொடுத்தேன்.
விரல் ம-வில் நின்று, ழ-வுக்குத் தாவப்போய்
நடுவில் தடுக்கியது.
ஒட்டிப் படுத்த ரெண்டு நத்தை போல இரண்டு சுழி.
"இது எதுக்கு அம்ம?
நாம மழன்னுதானே சொல்லுவோம்.
இது ஒண்ணும் பேசல்லியே."

ஐகாரக் குறுக்கம் என்று
இரண்டு மார்க்குக்கு எழுதியவள் நான்.
நாலரை வயசுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.
"நாளைக்குச் சொல்லுதேன்" என்று விளக்கை அணைத்தேன்.
இருட்டிலும் வாசித்துக்கொண்டுதான் கிடந்தான்.

காலையில் கருங்கல் ஸ்டாண்டில்
கண்டக்டர் படியில் தொங்கியபடி
புதுக்கட, புதுக்கட, புதுக்கட.
போர்டில் புதுக்கடை.
கொம்பு அங்கேயும் சும்மா நிற்கிறது,
டிக்கெட் எடுக்காமல் ஏறின ஆள் மாதிரி.

அண்டியாபீசில் தொலி உரிக்கும்போது
எல்லாம் அதுவாகவே வந்தது.
வெல. தல. வாழ. எல. சந்த.
வேல.
பருப்பிலிருந்து தொலி போகிற மாதிரி
எத்தனையை உதிர்த்துவிட்டிருக்கிறோம் வாயிலிருந்து.
"யாரு கூட பேசுத?" என்றாள் பக்கத்து ட்ரே விஜிலா.
"ஒரு கொம்பு கூட."
விஷயத்தைச் சொன்னதும் அவளும் தேட ஆரம்பித்தாள்.
"சட்ட! தோச!" என்று அவள் கத்தியதில்
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் கேட்டில் சோதனை.
மடியை உதறு, கொண்டையை அவிழ், டிபனைத் திற.
ஒரு பருப்பு இல்லை.
நாக்குக்கு அடியில் ஒரு ஐ இருந்தது.
அதை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் புத்தகத்தை விரித்து
கறை பிடித்த விரலைக் கொம்பின் மேல் வைத்தேன்.
"இது எழுத்துல முன்னால நிக்கும்,
சத்தத்துல பின்னால வரும்.
நமக்கு அவசரம், விட்டுட்டுப் போயிருவோம்.
வாசிக்கும்போ மட்டும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்."
அவன் ம-வைப் பிடித்தான், ழ-வைப் பிடித்தான்,
வாய் காதுவரை போக ஐஐஐ என்று இழுத்தான்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்கப்புறம் எங்களுக்கு நிம்மதி இல்லை.
பஹ்ரைனிலிருந்து அவன் அப்பா போனில்,
"அங்க மழயா மக்கா?"
"மழ இல்ல அப்பா. மழை."
"மழ இல்லேங்கியான், பின்ன என்ன இந்தச் சத்தம்?"
ஆஸ்பெஸ்டாஸில் அது
கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமல்,
கூலிச் சீட்டின் பின்புறத்தில் எழுதினான்.
ஒரு அ. புள்ளி தூரத்தில் போய் விழுந்த ஒரு ம்.
அப்புறம் இரண்டு சுழி. அப்புறம் ஒரு ம.
அம்மை.

புத்தகத்தில் அம்மா என்றுதான் இருக்கிறது.
என்னைக் கூப்பிடுவது அம்ம என்று.
விட்டுப்போனதைச் சேர்த்திருக்கிறான்.
பால்வாடி டீச்சர் பார்த்தால்
அது சீக்குப் பேரு என்று கோடு போடுவாள்.
போடட்டும்.
சீட்டை நாலாக மடித்து மடியில் வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை கேட்டில் உதறச் சொன்னால்
அதுதான் விழும்.