தரைத்தளம், பின்புறம்

திரியெஸ்தே நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே
ஏழு வருடத்துக்கு முந்தைய நடை
என் காலில் ஏறிக்கொண்டது.
அப்பாவும் அம்மாவும் மூச்சிரைக்கப் பின்னால்.
"மெல்லப் போ உக்னே,
ஊர் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றாள் அம்மா.

கொஞ்சம் ஓடித்தான் போயிருந்தது.
மூடும் நேரத்தில் மிச்ச ரொட்டியைப்
பாதி விலைக்குத் தந்த கடையில்
இப்போது கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள்.

நான் பாட்டுக்குக் காட்டிக்கொண்டே போனேன்.
இது நூலகம். இது சலவைக்கடை.
இந்த முக்கில்தான் போரா காற்று
என் குடையைப் பிடுங்கிக்கொண்டுபோய்
ஒரு பாதிரியார் முதுகில் சாத்தியது.

அப்பா பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பானெவெஷிஸ் பணிமனையில் முப்பத்தோரு வருடம்
அவற்றின் அடிவயிற்றுக்குக் கீழே படுத்திருந்தவர்.
மேட்டில் திணறாமல் ஏறிய பத்தாம் எண் வண்டிக்குத்
தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வைத்தார்.
அம்மா தக்காளி விலையைப் படித்தாள்.
இன்னொரு முறையும் படித்தாள்.
"இங்கே என்னத்தைத்தான் சாப்பிட்டே நீ?"
"எல்லாம்தான்."

காபிக்கடையில்
துருப்பிடித்த இத்தாலியனில் மூன்று காபி கேட்டேன்.
பையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.
அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.
"எப்படித் தண்ணியாப் பேசறா பாருங்க" என்று
அப்பாவை முழங்கையால் இடித்தாள்.

பிறகு, கோப்பையைக் கவிழ்க்காத குறையாகக்
கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு:
"சரி, ஜன்னலைக் காட்டு."
எந்த ஜன்னல்?
"கடல் தெரியுமே, அது."

ஒரு நவம்பர் ஞாயிறு
தொலைபேசியில் அவள் அழுகிற மாதிரி இருந்ததால்
கண்ணைத் திறந்தால் கடல்தான்மா, என்று சொல்லிவைத்தேன்.
அவள் எதிர்வீட்டு ரேகினாவிடம் சொல்ல,
ரேகினா தேவாலயப் பாடகர் குழுவிடம் சொல்ல,
ஈஸ்டருக்குள் கடல் ரொம்பப் பெரிதாகிவிட்டது.
திருப்பி ஊற்ற இடமில்லை.
என் ஜன்னலில் தெரிந்தது
மூன்று எரிவாயுக் குழாய்,
யாருடையதோ ஒரு துடைப்பம்.

சந்து ஏறினோம்.
வீட்டின் முன்னால் அண்ணாந்து நின்றவள்
ஐந்தாவது மாடியில்
பச்சைக் கதவு போட்ட ஜன்னலைச் சுட்டி
"அதுதானே?" என்றாள்.
என் தலை என்னைக் கேட்காமல் ஆடியது.
விரிப்பு உதறிக்கொண்டிருந்த ஒருத்தி
மேலிருந்து கையசைத்தாள்.
அம்மா இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள்.
படம் எடுத்தாள். தெருவைக் கடந்து, பின்னால் போய்,
இன்னும் பின்னால் போய், இன்னொன்று.

அப்பா வாசல் மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆகக் கீழே இருந்த பொத்தானுக்கு நேராக
விரலைக் கொண்டுபோனார். அழுத்தவில்லை.
"பியானோ தெர்ரா, ரெத்ரோ" என்றார்,
வண்டி எண் சொல்கிற குரலில்.

பத்து மாதம், மூன்று வாரத்துக்கு ஒரு பொட்டலம்.
கம்பு ரொட்டி, புகையூட்டிய பாலாடைக்கட்டி.
ஒவ்வொன்றின் மேலும்
அந்த விலாசத்தைக் கட்டை எழுத்தில் எழுதியவர் அவர்.

"முதல்ல ஏதோ பியானோ இருக்கிற வீடுன்னு நினைச்சேன்.
அப்புறம் நூலகத்துல அகராதி பார்த்தேன்."
கொஞ்சம் பொறுத்து,
"பின்பக்கம்னா ஈரம் இருந்திருக்கும்.
அதான் காலுறை."

பதினாறு ஜோடி.
விடுதித் தோழிகளிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

அம்மா தெருவைக் கடந்து வந்தாள்,
முகமெல்லாம் வெயில்.
"ராத்திரியில சத்தம் கேட்குமா, கடல்?"

நான் வாய் திறப்பதற்குள்
"காத்து அடிச்சா கேட்கும்" என்றார் அப்பா.
பசிக்கிறது என்றார்.
பத்தாம் எண்ணிலேயே போகலாம்,
கடைசி வரிசையில்,
எஞ்சினுக்கு மேலே.