முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு

எழுதுவது சூலூரில்,
ஓடுவது கேத்தனூரில்.
என் லேப்டாப்புக்கு அந்தப் போர்டின் பாஷை தெரியாது.
தெரியாத பாஷையைப்
பிசகாமல் ஒப்பிக்கத் தெரியும்.
அதற்குத்தான் கிராஸ் கம்பைலர்:
தான் ஒருநாளும் சாப்பிடப்போகாத சோற்றை
உப்புப் பார்க்காமல் ஆக்கி
தூக்குப்போசியில் அனுப்புகிறவள்.

பாஸ்கலா, இன்னுமா, என்பான் ஆபீசில் ஜெரால்டு.
இன்னும்தான்.
பந்திக்கு யார் யார், எத்தனை பேர் என்று
இலை போடுமுன்னே கேட்டுவிடும் மொழி.
முழு எண்ணுக்கு விரித்த இலையில்
தசமம் வந்து உட்கார முடியாது.
எனக்கு அந்தக் கறார் பிடிக்கும்.

மார்கழி.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றுசேராமல் மின்னுகிற ராத்திரி.
தெய்வசிகாமணியின் ஷெட்டில்
ஐயாயிரம் குஞ்சுகள், வந்து மூன்றாம் நாள்.
தரையே மஞ்சளாய் நகர்ந்துகொண்டிருந்தது.
போர்டு ஒரு தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசு.
எதிலிருந்தோ கழற்றியது,
உக்கடத்தில் நானூறு ரூபாய்.
கார்டைச் சொருகி ஓட்டினேன்.
வணக்கம் என்றது.
அடுத்த வரியில் செத்தது:
இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

தோளுக்குப் பின்னாலிருந்து
அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"இல்லீகல்னு வருதுங்களே.
நம்ம ஷெட்டுக்கு லைசென்சு எல்லாஞ் சரியா இருக்குதுங்க."

சிரிக்க நேரமில்லை.
குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று
ஏறத் தொடங்கியிருந்தன.
குளிரில் அடியில் இருப்பதுதான் நசுங்கும்.
அவர் மனைவி யுவராணி
கேஸ் வால்வைக் கையால் திறந்தாள், அடைத்தாள், திறந்தாள்.
தெர்மாமீட்டர் பக்கம் போகவே இல்லை.
குஞ்சு படுத்திருக்கும் விதத்தைப் பார்த்துத்
திருகினாள்.

நான் ஒவ்வொரு வரியாக
அடைப்புக்குள் போட்டு மறைத்துப் பார்த்தேன்.
கார்டு வெளியே. கார்டு உள்ளே. வணக்கம். சாவு.
எத்தனை வணக்கம் அந்த ராத்திரி.
மூன்றரை மணிக்குப் பிடிபட்டது
ஒரு சாய்கோடு.

பாஸ்கலில் வகுத்தல் இரண்டு.
சாய்கோடு போட்டால் புள்ளியோடு வரும்.
டிவ் என்றெழுதினால் முழுசாய் வரும்,
மிச்சத்தைக் கீழே போட்டுவிடும்.
புள்ளிக் கணக்குக்கென்றே
என் லேப்டாப்பில் தனி அறை உண்டு.
இந்தப் போர்டில் அந்த அறையைக் கட்டவே இல்லை.
இல்லாத கதவைத் தட்டச் சொல்லி
இங்கிருந்து உத்தரவு அனுப்பியிருக்கிறேன்.
கம்பைலரிடம் நான் சொல்லவில்லை,
அதுவும் கேட்கவில்லை.

சென்சார் தருவதை அப்படியே திறந்து பார்த்தேன்.
32500.
ஆரம்பத்திலிருந்தே அது முழு எண்தான்
சொல்லிக்கொண்டிருக்கிறது.
ஆயிரத்தால் வகுத்தது நான்,
முப்பத்திரண்டரை என்று பார்க்க
என் கண்ணுக்கு நன்றாயிருக்குமென்று.

அழித்தேன்.
முப்பத்திரண்டாயிரத்துக்குக் கீழே போனால் அடுப்பு.
முப்பத்துமூவாயிரத்தைத் தாண்டினால் விசிறி.
ரிலே டக் என்றது.

"ஆயிரக்கணக்குல டிகிரிங்களா?
கோழி பொசுங்கிப் போயிராதுங்களா?"
யுவராணி திரும்பாமலே சொன்னாள்:
"அது பைசாவுல சொல்லுது.
ரூபா நாமதான் போட்டுக்கோணும்."

நான் இரண்டு மணி நேரம் விளக்கியிருப்பேன்.

பாஸ்கல் நிரலின் கடைசியில்
எண்ட் என்று எழுதி ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
வைக்காவிட்டால் கம்பைலர் விடாது.
வைத்தேன்.
அதற்கு மேலே முடிவில்லாத சுழல்,
மூன்று நொடிக்கொரு தரம் சென்சாரைக் கேட்டுக்கொண்டு.
ஓட்டம் ஒருநாளும் அந்தப் புள்ளியை எட்டாது.
எட்டினால் எனக்கு ஃபோன் வரும்.

முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
காபியில் சர்க்கரை தூக்கல்.
குஞ்சுகள் பிரிந்து பரவிப் படுத்திருந்தன,
ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடம் விட்டு.
ரிலே தானாக அடைத்தது, திறந்தது.
யுவராணி வால்வை விட்டுக் கையை எடுத்திருந்தாள்,
ஒரு முழம் தள்ளி மட்டும்.