பதினோராம் நாள்

துரோம்சோவில் டிசம்பர்.
இரவு ஷிப்டு முடியும், விடியாது.
நோயாளியின் குறிப்பேட்டில் இங்குன் எழுதுகிறாள்:
"எய்வின், இன்று அமைதியாக உறங்கினீர்கள்.
வென்டிலேட்டரோடு சண்டையில்லை.
உங்கள் மனைவி மூக்குக்கண்ணாடியைத்
துடைத்து வைத்துவிட்டுப் போனார்."
சார்ட்டில் மயக்க அளவு: மைனஸ் நான்கு.
ஆய்வுப் படிவத்தில் ஒரு டிக்.

ஏப்ரலில் ஊன்றுகோலோடு வந்தார்,
புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம்,
கூடவே அந்தக் குறிப்பேடு.
பதினோராம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலில் கோணல் எழுத்து:

"அன்றிரவு படகு கவிழ்ந்தது.
கைகள் வலைக்குள்.
மேலே ஒருத்தி நின்று
என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.
கூப்பிட்டேன்."

இங்குன் இப்போதெல்லாம்
'அமைதியாக' என்று எழுதுவதில்லை.
'அசையாமல்' என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் நிற்கிறாள்,
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.