எழுபத்தொன்பது

தண்டையார்பேட்டை, டி.எச். ரோடு, நகைக்கடன் கிளை.
டேங்கர் லாரி போகும்போதெல்லாம்
கவுன்ட்டர் கண்ணாடி கிடுகிடுக்கும்.
கேரட் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான்.
பி.எஸ்சி. இயற்பியல், மாலைக் கல்லூரி, இரண்டு அரியர்.

காசிமேட்டிலிருந்து எப்சிபா வருகிறாள்.
ஃபைபர் படகின் எஞ்சின் படுத்துவிட்டதாம்.
கழற்றிய சங்கிலி இன்னும் கழுத்துச் சூட்டோடு.
"இன்னா காட்டுது, சொல்லு."

மூடியை இறக்குகிறேன். முப்பது விநாடி.

அந்த முப்பது விநாடியில் எனக்கு
இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஓடும்.
வெட்டிக்கொண்டே போனால்
ஓர் இடத்தில் கத்தி தோற்கும் என்றார்கள் முதலில்;
இங்கும் சொன்னார்கள், கடல் தாண்டியும் சொன்னார்கள்,
ஒருவரும் பார்த்ததில்லை.
பிறகு தராசோடு வந்தவர்கள்
தனிமத்துக்கு ஒரு கோலிக்குண்டு என்றார்கள்,
கெட்டி, உள்ளே ஒன்றுமில்லை, பேச்சு முடிந்தது.
முடியவில்லை.
கேசரியில் திராட்சை மாதிரி
எலக்ட்ரான் பதிந்திருக்கிறது என்றார் ஒருவர்.
அதைச் சோதிக்கவும் தங்கத்தைத்தான் எடுத்தார்கள்.
ஊதினால் பறக்கிற தகடு.
இருட்டறையில் கண் பழகும்வரை சும்மா இருந்து
ஒவ்வொரு மினுக்கலாய் எண்ணினார்கள்.
எறிந்த துகள்கள்
தகடே இல்லாததுபோல் கடந்து போயின.
ஆயிரமாயிரம் போக
ஒன்றிரண்டு மட்டும்
எதிலோ முட்டித்
திரும்பி வந்தன.

அந்த எண்ணிக்கை எனக்குப் புரியும்.
பின்னறை லாக்கரில் கவர் கவராய்க் கிடப்பவற்றில்
வீடு திரும்புபவை எத்தனை என்று
ஏல மாதத்தில் நானும் எண்ணுகிறேன்.

திரும்பிய அந்தச் சிலவற்றால்தான் தெரிந்தது,
நடுவில் துளியூண்டு கரு,
மற்றதெல்லாம் காலியிடம்.

காலியிடத்துக்கும் சட்டம் உண்டு.
வாரியக் குடியிருப்பு மாதிரி:
முதல் மாடியில் இருக்கலாம், இரண்டாவதில் இருக்கலாம்,
படிக்கட்டில் குடித்தனம் நடத்த முடியாது.
மெஷின் செய்வது இவ்வளவே,
தரைத்தளத்து ஆளை அடித்துத் துரத்துகிறது.
குழாயடி வீடு காலியென்றால் விடுவார்களா?
மேல்மாடி சட்டிபானையோடு இறங்கும்.
அந்த இறங்குகிற சத்தம்தான் ஒளி.
சத்தத்தை வைத்தே எந்த பிளாக் என்று சொல்லிவிடலாம்.
எழுபத்தொன்பது என்றால் தங்கம்.
ஒன்று கூடினால் பாதரசம், கழுத்தில் நிற்காது.
(இப்போது மாடியும் கிடையாது, மேகம் என்கிறார்கள்.
என் அரியர் இரண்டில் ஒன்று அந்த மேகம்.)

திரையில் எண்கள்.
தங்கம் எழுபத்தாறு. செம்பு. வெள்ளி.
பற்றவைத்த இடத்தில் காட்மியம்,
வெள்ளியைவிட ஒரே ஒரு புரோட்டான் அதிகம்.
அந்த ஒன்றை ஊதி ஊதி
நுரையீரல் போன பட்டறைக்காரர்
என் தெருவிலேயே இருவர்.

"தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லித்தானே வித்தான்?"
மெஷினை அல்ல, என்னைப் பார்க்கிறாள்.
துணியால் துடைத்து மறுபடி வைக்கிறேன்.
எழுபத்தாறேதான்.

துணியில் வெள்ளையாய் ஏதோ. உப்பு.
சங்கிலியில் இருந்திருக்கிறது, மெஷின் சொல்லவில்லை.
சோடியம் பதினொன்று, மிக லேசு;
அதன் ஒளியை
வழியிலேயே காற்று விழுங்கிவிடும்.

ரசீது போடுகிறேன்.
அவள் கேட்ட தொகைக்கு ஒன்பதாயிரம் குறைகிறது.
"வஞ்சரம் மாட்டட்டும், மூட்டுக்கிறேன்" என்கிறாள்,
நான் எதுவும் கேட்காமலே.

கவரில் எண் எழுதும்போது
டேங்கர் போகிறது.
நான்கு, ஒன்று, ஒன்று,
கை நடுங்கி எட்டு கோணலாகிறது.