சிவப்புக் கோட்டுக்குக் கீழே

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆறு.
டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில்
ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு குடும்பத்துக்கு
நான் நிறம் பூசுகிறேன்.
ஒரு ஷாட்டுக்கு நாலு திர்ஹம்.
அழுகிற ஷாட்டுக்கும் அதேதான்.

மானிட்டரில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒன்று.
படம் சதுரமாய்ப் பிறந்தது.
இப்போது வாங்குகிற டிவி நீளமாய்ப் படுத்திருக்கிறது.
கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் கடைசியில் போய்விடும்.
"போறதுக்கு எதுக்கும்மா கலர்?" என்பார் வாஸ்வானி சார்,
சௌகார்பேட்டைத் தமிழில்.

மேல்கோட்டில் கொண்டைப்பூ போகும்,
சுவரில் மாட்டிய சாமிக்கு முகம் போகும்,
மாலை மட்டும் மிஞ்சும்.
கீழ்க்கோட்டில் கால்கள்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை.
மூத்தவன் வெளியூர் கிளம்புகிறான்.
அம்மா காலில் விழ வேண்டும்.
விழுகிறான்.
கிணற்றில் முங்கியவன் மாதிரி
பதினோரு விநாடி காணாமல் போய்
ஈரமில்லாமல் எழுந்து வருகிறான்.
அம்மா யாருமில்லாத இடத்துக்குக் கையைத் தாழ்த்துகிறாள்.
வயலின்கள் மட்டும்
என்னவோ பெரிதாய் நடந்துவிட்ட மாதிரி.

சார் பார்த்துவிட்டு
"செருப்பு தேடறான்னு நெனச்சுப்பாங்க, விடு" என்றார்.

ஒரு கடைக்குட்டி இருக்கிறாள், நாலு வயசு.
யாராவது தூக்கி வைத்திருக்கிற ஷாட் தவிர
மற்றதில் எல்லாம் ஒரு வகிடு, ஒரு ரிப்பன்.
"அண்ணா, எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?" என்று
மேஜை விளிம்பு கேட்கிறது.
ரிப்பன் என்ன நிறம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
ஹில்மியைக் கேட்டேன்.
மட்டக்களப்புக்காரன், பக்கத்து மானிட்டர்,
ரிப்பனை விட்டு வேறெதையோ சொன்னான்.
அந்தக் காலத்தில் வெள்ளை கேமராவில் கூசுமாம்.
வெளிர் மஞ்சளில் தோய்த்துக் கட்டுவார்களாம்.
"நீங்க வெள்ளை அடிக்கிற அந்த விதவை மாமி,
படம் எடுக்கக்குள்ள மஞ்சளிலதான் அக்கா நிண்டிருப்பா."
யார் சொன்னது என்றால் சிரிக்கிறான்.

ஆர்டரில் வெள்ளை. வெள்ளையே பூசினேன்.
ராத்திரி முழுக்க அவள் மஞ்சளாய் நடமாடினாள்.
ரோலாவில் என் அறையில் பாதிதான் என்னுடையது.
பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம்
ஒரு நேபாளப் பெண் தும்முவாள்.
முகம் சரியாய்ப் பார்த்ததில்லை.
இந்தப் பக்கமிருந்து "நூறு" என்பேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இதுவரை அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மணல்காற்று.
கண்ணாடிக்கு வெளியே
கிரேன், மசூதி, டயர் அடுக்கு எல்லாம் ஒரே பழுப்பு.
மற்றவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.
நான் கோட்டுக்குக் கீழே இறங்கினேன்.

அம்மாவின் கால்களைப் பெரிதாக்கினால்
வலது சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்திரி.
அது அம்மாவின் காயமில்லை, கதையில் காயமே இல்லை.
நடித்தவளுக்குச் செருப்புக் கடித்திருக்கும்.
பக்கத்தில் கடைக்குட்டி, தலை முதல் கால் வரை முழுசாய்,
ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டு
அண்ணனின் பெட்டிப் பூட்டை நோண்டுகிறாள்.
அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

மெட்டிக்கு வெள்ளி. நகத்துக்கு மருதாணி.
பிளாஸ்திரிக்கு மருந்துக்கடைப் பழுப்பு.
விழுந்தவனின் உள்ளங்கையில்
செட்டுத் தரையின் தூசி கொஞ்சம்.
பதினோரு விநாடி,
இருநூற்று அறுபத்து நாலு பிரேம்.
ரிப்பனை ஆரஞ்சாக்கினேன்.
அது கோட்டுக்கு மேலே வருவதால்
ஆரஞ்சு மட்டும் பிழைத்தது.

புதன்கிழமை வெட்டினார்கள்.
கணக்கில் ஒரு ஷாட், நாலு திர்ஹம்.
டிவிடி இப்போது பதினைந்து திர்ஹத்துக்குக் கிடைக்கிறது,
அட்டையில் கொட்டை எழுத்தில்:
முழு வண்ணத்தில், முழுத்திரையில்.

குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் யாராவது
அவன் குனிகிற இடம் வந்தால்
பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.
செருப்பு தேடவில்லை.