முரசு

வின்னிபெக்கில் தை மாதம்.
மக்ஃபிலிப்ஸ் சந்தியில் வேனுக்கு நிற்கையில்
எல்லோர் மூச்சும் வெள்ளை, எனதும்தான்.
அந்தக் குளிருக்கு மணம் பிடிக்கத் தெரியாது.

உள்ளே ஏறினால் வேறு கதை.
ஆறு பேர், ஹீட்டர், மூடிய கண்ணாடி.
"இண்டைக்கு ஓவர்டைம் இருக்காம்" என்றேன்.
குலேந்திரன் தன் பக்கக் கண்ணாடியை
விரலளவு இறக்கினான்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு ஏலக்காய், பச்சை மிட்டாய்,
நாக்கை எரிக்கும் நீலத் தண்ணீர்.
பதிலுக்குத் தலையாட்டப் பழகினேன்.
பல் துலக்கையில் தொட்டியில் விழும் சிவப்பை
பைப்பைத் திறந்து அனுப்பிவிடுவேன்,
வேறு யாருடையதோ போல.

இன்சூரன்ஸ் வந்த மாதம்
கதிரையில் மல்லாந்து கிடந்தேன்.
மரிசெல் மெல்லிய கம்பியொன்றைப்
பல்லுக்கும் சதைக்கும் நடுவே இறக்கி
இலக்கம் சொன்னாள், இன்னொருத்தி எழுதினாள்:
மூன்று, மூன்று, ஐந்து, ஆறு,
ஆறு.
"நீங்கள் தேடும் மணம்
இந்தக் குழிகளுக்குள் குடியிருக்கிறது" என்றாள்.

ஈறு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள்.
எங்கட வீட்டில் அதற்குப் பெயர் முரசு.
இத்தனை நாளும் அறைந்திருக்கிறது
வேனில், வேலையிடத்தில், தலையணையில்.
ஊர் கேட்டது.
முரசுக்காரிக்குத்தான் காது கேட்கவில்லை.

நாலு தரம் சுரண்டினார்கள்.
இப்போது இரவில் நூல் கோக்கிறேன், பல்லுக்குப் பல்.
பங்குனியில் ஒருநாள்
குலேந்திரன் கண்ணாடியை முழுதாக இறக்கினான்.
சொல்ல வந்ததை விழுங்கினேன்.
அவன் மூக்கை வெளியே நீட்டி,
"பனி கரையுற மணம்" என்றான்.