நாற்பது கிராம்

மொன்டேவிடியோவில் ஜனவரி என்றால் கொதிக்கும் கோடை.
அதனால் இரவில்தான் நகர்த்தினோம்.
குளிர்பெட்டி லாரிக்கு டெண்டர் விட்டதில்
மலிவாகக் கிடைத்தது மீன் வண்டி.
மூன்று முறை சோடா போட்டுக் கழுவியும்
உள்ளே வாலாட்டிக்கொண்டிருந்தது வாசனை.
நிலவறையிலிருந்து சுருள்கள் ஏறிவர
அவற்றின் வினிகர் நெடியும் கலந்துகொண்டது.
"வெங்காயம் ஒன்றுதான் பாக்கி"
என்றான் ஓட்டுநர் வில்மர்.
நிபியா சிரிக்கவில்லை.
தன்னையே தின்னத் தொடங்கிய படச்சுருள்
விடும் ஏப்பம் அது.
இருபத்திரண்டு வருடமாக
அவள் அதை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

தென்கிழக்குக் காற்று முறுக்கினால்
ஆறு படியிறங்கி உள்ளே வரும் கட்டடம்.
இரண்டு முறை வந்துவிட்டது.
கீழ் அடுக்கு ஒலிநாடாக்கள்
சேறு குடித்துப் பாறையாயின.
மூன்றாம் முறைக்குள்
முப்பத்தோராயிரம் டப்பாக்கள்
மினாஸ் குன்றுகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் வேலை தராசு.
ஒவ்வொன்றையும் நிறுத்து, பட்டைக்கோடு ஒட்டி,
பழைய பதிவேட்டின் எடையோடு பார்க்க வேண்டும்.
4117.
பதிவேடு சொல்கிறது:
பெயர் இல்லை. ஆண்டு இல்லை. மழை. தெரு.
ஆண்கள் சிரிக்கிறார்கள். ஒலி இல்லை.
நாற்பது கிராம் குறைந்தது.
தராசைத் தட்டினேன்,
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்,
மறுபடி வைத்தேன்.
நாற்பது.
யாராவது வெட்டி எடுத்தார்களா என்றேன்.
நிபியா
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

அப்படியானால்
இந்த நிலவறையில் சம்பளம் வாங்கிய அத்தனை பேரும்
அந்த மழையில் கொஞ்சம்,
அந்தச் சிரிப்பில் கொஞ்சம்
மூச்சில் இழுத்து
பேருந்தேறி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.
சோற்று மேஜையில் இருமியிருக்கிறார்கள்.
நானும்தான், இந்தப் பதினோரு நாட்களாக.
"குறைவுக்கான காரணம்" என்று
படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்.
காற்று என்று எழுதினேன்.
மேலிடம் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

நூற்றிருபது கிலோமீட்டர்.
பெட்டிக்குள் நான்கு டிகிரி.
வேகம் ஐம்பதைத் தாண்டக் கூடாது.
பாண்டோ அருகே
முட்டை ஏற்றிய வண்டிகூட எங்களை முந்தியது.
"எந்த மீனும் என்னிடம்
இவ்வளவு மரியாதை கேட்டதில்லை"
என்று புலம்பிவந்தவன்
பாலம் தாண்டியதும் கேட்டான்:
"அந்தச் சிரிக்கிற ஆட்கள்,
எதற்காகச் சிரிக்கிறார்கள்?"
தெரியாது.
பார்த்தவர் எவரும் மிச்சமில்லை.
இப்போது ஓடவிட்டால் நொறுங்கிவிடும்.
அதன்பிறகு வில்மர் பேசவில்லை.
பள்ளங்களுக்கு முன்னால்
அவன் கால் மட்டும்
சற்று முன்கூட்டியே பிரேக்குக்குப் போயிற்று.

மினாஸில் விடிந்தது.
டப்பாக்களை உடனே திறக்க முடியாது.
குளிரிலிருந்து வந்ததை
இடை அறையில் ஒரு பகல் ஓர் இரவு
சும்மா விட வேண்டும்,
அவசரப்பட்டால் உள்ளே வியர்த்துவிடும்.
நாங்களும் சும்மா இருந்தோம்.
வில்மர் மாத்தே குடித்தான்,
கதவுக்கு வெளியே, நின்றபடியே,
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனைப் போல.

நைட்ரேட் சுருள்கள் கடைசி.
தண்ணீருக்குள்ளும் எரியும் பிறவிகள்.
இருபது இருபதாக,
முன்னும் பின்னும் தீயணைப்பு வண்டி.
மீன் வண்டிக்கு அதில் அனுமதி இல்லை.
ஆனாலும் ஊர்வலத்தின் வாலில்
ஒரு பழைய மோட்டார் சைக்கிளை
கண்ணாடியில் மூன்று இரவுகள் பார்த்தேன்.
கேட்டால்
அக்கா வீடு அந்தப் பக்கம் என்றான்.

பிப்ரவரி முடிவில் நிலவறை காலி.
மூலையில் ஈரமானி மட்டும்
உருளையில் ஊசி வைத்து
கோடு போட்டுக்கொண்டிருந்தது,
எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு,
யாரும் இல்லாத அறையின் நாடியை.
நிறுத்தட்டுமா என்றேன்.
நிபியா காகிதத்தைப் பதமாகக் கழற்றி
தராசில் வைத்தாள்.
மூன்று கிராம்.
எதற்கு என்று கேட்காமல்
பட்டைக்கோடு ஒட்டினேன்.
விவரம் என்ற இடத்தில் அவளே எழுதினாள்:
அறை. ஆள் இல்லை. ஒலி இல்லை.

ஒலி இருந்தது.
மேலே தெருவில் வில்மர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.
விடிந்தால் அவனுக்கு
மீன் ஏற்ற வேண்டும்.